மூக்குத்தியும் மூடிய கதவும்

கன்னியாகுமரிக்கு ஒருமுறையாவது போனவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். பகவதி அம்மன் கோயிலில் கிழக்கே கடலைப் பார்த்து ஒரு வாசல் இருக்கிறது. வருடத்தில் சில விசேஷ நாட்களில் மட்டும் அதைத் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டியே கிடக்கும், பக்தர்கள் வடக்கு வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஏன் என்று கேட்டால் அம்மனின் மூக்குத்தியைக் காரணம் சொல்வார்கள். அந்தக் கல் வீசிய ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் கரைக்கு வந்து பாறையில் மோதினவாம். அதனால் கதவை அடைத்தார்களாம்.

நடந்ததா இல்லையா என்று ஆராய்வதால் பயன் இல்லை. ஆனால் கதையைச் சொன்னவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஒரு பொருள் பளபளத்தால் அது யார் யார் கண்ணில் படும் என்பதைப் பொருளுக்கு உடையவர் தீர்மானிக்க முடியாது. அவர்கள் கண்ட தீர்வைக் கவனியுங்கள். மூக்குத்தியைக் கழற்றிப் பெட்டியில் வைக்கவில்லை. எல்லா வாசலையும் அடைக்கவுமில்லை. கடல் பார்த்த ஒரு கதவை மட்டும் அடைத்தார்கள்.

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு என்றால், கார்டு சேகரிப்பவர்களுக்காக. பபிள்கம் வாங்கினால் கிடைத்த கிரிக்கெட் கார்டு, மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு எல்லாம் நம் ஊர்ப் பையன்களின் டிரவுசர் பையில் கசங்கியவைதான். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இதே வகைக் கார்டுகள் பெரிய சொத்தாகிவிட்டன. பேஸ்பால் கார்டு, போக்கிமான் கார்டு என்று லட்சக்கணக்கில் விலை போகிறது. இதற்கென்றே தரம் பார்க்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் பேர் பெற்ற பி.எஸ்.ஏ. 1991-ல் தொடங்கியது. கார்டை அனுப்பினால் மூலை மழுங்கியிருக்கிறதா, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா, அச்சு நடுவில் விழுந்திருக்கிறதா, மேற்பரப்பில் கீறல் உண்டா என்று பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். பிறகு கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடி, மேலே ஒரு லேபிளும் எண்ணும் கொடுப்பார்கள். அந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தட்டினால் அது எந்தக் கார்டு, என்ன மதிப்பெண் என்று வந்துவிடும். (அந்த நிறுவனம் முதன்முதலில் தரம் பார்த்த ஹோனஸ் வாக்னர் கார்டின் ஓரத்தை முன்பே வெட்டிச் சீராக்கியது தான்தான் என்று அதை விற்ற வியாபாரி 2013-ல் ஒப்புக்கொண்டார். சான்றிதழ் கொடுப்பவரும் மனிதர்தானே!)

இப்படி ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்குப் படம் எடுத்து நாலு பேருக்குக் காட்டாமல் இருக்க முடியாது. காட்டத்தானே சேர்க்கிறோம். ஆனால் அந்த ஒரு படத்தில் பொருள் என்ன என்பதும் இருக்கிறது, விலை என்ன என்பதும் இருக்கிறது. பல நேரங்களில் அது எந்த ஊரில், யார் வீட்டில், எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும் இருந்துவிடுகிறது. அப்படியானால் காட்டுவதா, மறைப்பதா? கார்டு நமக்குப் புதிதாக இருக்கலாம், இந்தக் கேள்வி புதிதில்லை. நாஞ்சில் நாட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தங்கம், செம்பு, ஓலை என்று வேறு வேறு உருவத்தில் இதே கேள்விக்கு மிக விலை கொடுத்துப் பாடம் படித்திருக்கிறார்கள்.

முதலில் மறைப்பவர்கள் கட்சியைப் பார்ப்போம். யாருக்கும் தெரியாவிட்டால் யாரும் திருட மாட்டார்கள் என்பது அவர்கள் வாதம்.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மிகப் பழைய கோயில்களில் ஒன்று. பெருமாள் பள்ளிகொண்ட கோலத்தில் சுமார் 22 அடி நீளம். கடுசர்க்கரை யோகம் என்ற கலவையால் ஆன திருமேனி. மூன்று வாசல் வழியாகப் பார்த்தால்தான் தலை முதல் கால் வரை முழுதும் தெரியும். கருவறைக்குள் பூசை செய்பவர்களைத் தவிர யாரும் போக முடியாது, விளக்கு வெளிச்சத்தில் வெளியே நின்று கும்பிடுபவருக்கு எவ்வளவு தெரிந்துவிடும்? இதைவிடப் பாதுகாப்பான இடம் இருக்க முடியாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் சுவாமியின் மேலிருந்த தங்கக் கவசமும் நகைகளும் கொஞ்சம் கொஞ்சமாகக் களவு போயிருந்தது 1992-ல் வெளியே வந்தது. ஒரே ராத்திரியில் கன்னம் வைத்துத் திருடியது அல்ல, பல வருடங்களாக நடந்தது. நாகர்கோவில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2019-ல். தண்டனை பெற்றவர்களில் கோயிலில் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். களவு வெளியே வந்ததற்கும் தீர்ப்புக்கும் இடையில் 27 வருடங்கள்! அந்த வழக்கு நடந்து முடிவதற்குள் ஒரு தலைமுறையே போய்விட்டது. கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 2022 ஜூலை 6-ம் தேதி, அதுவும் 418 வருடங்களுக்குப் பிறகு.

பி.காம். படிப்பவர்களுக்கு இது ஆடிட்டிங் பாடத்தில் வரும் பழைய விஷயம்தான். சரக்கை வைத்திருப்பவரும் சரக்குக் கணக்கை எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, கிடங்கில் இருப்பதையும் புத்தகத்தில் இருப்பதையும் மூன்றாம் ஆள் வந்து ஒத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதிப் பாஸ் ஆகியிருப்போம். மறைத்து வைத்த பொருளுக்கு இருக்கிற சிக்கலே இதுதான். வெளியாள் கண்ணில் படாது என்றால் உள்ளாள் கைக்குப் பயமில்லை. என்ன இருந்தது என்று வெளியே யாருக்கும் தெரியாதபோது என்ன போனது என்று யார் சொல்வது?

இதற்கு நேர் எதிரான அனுபவம் திருவட்டாற்றிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில், திருவனந்தபுரத்தில் நடந்தது. பத்மநாபசுவாமி கோயிலை நாஞ்சில் நாட்டுக்காரர்கள் அசலூர்க் கோயிலாக நினைப்பதில்லை. மார்த்தாண்ட வர்மா 1750-ல் தன் நாட்டையே பத்மநாபனுக்கு எழுதி வைத்தபோது அந்த நாட்டின் தலைநகரம் தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள பத்மநாபபுரம். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் நாஞ்சில் நாடு. 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழகத்தோடு சேரும்வரை இங்கே விளைந்த நெல்லின் வரியும் திருவனந்தபுரத்துக் கஜானாவுக்குத்தான் போனது.

கோயிலுக்குள் ஆறு நிலவறைகள். கோயில் நிர்வாகம் பற்றி முன்னாள் போலீஸ் அதிகாரி டி.பி.சுந்தரராஜன் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அறைகளைத் திறந்து பட்டியல் எடுக்க உத்தரவானது. 2011 ஜூன் கடைசியில் திறக்க ஆரம்பித்தார்கள். பட்டியல் எடுத்தது நீதிமன்றத்துக்காக. ஆனால் அன்றன்றைக்கு என்ன கிடைத்தது, எத்தனை மூட்டை, எத்தனை அடி நீள மாலை என்று தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு லட்சம் கோடி ரூபாய் என்ற கணக்கு உலகம் முழுக்கப் பரவியது. அது அதிகாரபூர்வமான மதிப்பீடே அல்ல, யார் யாரோ போட்ட மனக்கணக்கு. ஆனால் எண்ணுக்கு இருக்கிற பலமே தனி. அந்த எண் வந்த பிறகு, அதுவரை அந்த ஊர்க்காரர்கள் சாதாரணமாகப் போய்வந்துகொண்டிருந்த கோயிலைச் சுற்றி ஆயுதப் போலீஸ், கேமரா, சோதனை வாசல் எல்லாம் வந்தன.

அப்படியென்றால் திறந்ததே தப்பா? அப்படியும் சொல்ல முடியவில்லை. நீதிமன்றத்துக்கு உதவியாக நியமிக்கப்பட்ட மூத்த வழக்கறிஞர் 2014-ல் கொடுத்த அறிக்கையில் கணக்கிலும் மேற்பார்வையிலும் இருந்த குறைகளை விரிவாகச் சொல்லியிருந்தார். பட்டியல் எடுக்காமல் இருந்திருந்தால் அந்தக் குறைகள் பேச்சுக்கே வந்திருக்காது. பட்டியல் எடுத்தது சரி. பட்டியலும் விலையும் இடமும் ஒரே மூச்சில் தெருவுக்கு வந்ததுதான் சரியில்லை. ‘பி’ என்று பேர் வைத்த அறையை அப்போது திறக்கவில்லை. 2020 ஜூலை 13-ம் தேதி வந்த தீர்ப்பில், அதைத் திறப்பதா வேண்டாமா என்பதை நிர்வாகக் குழுவின் முடிவுக்கே விட்டுவிட்டார்கள்.

இதில் ஓலைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த ஓலைச்சுவடிகள் வெளியே வந்ததால்தான் நாஞ்சில் நாட்டின் பல நூற்றாண்டு வரலாறு எழுத முடிந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றில் உழைத்தார், பின்னால் அ.கா.பெருமாள் புத்தகமாகக் கொண்டுவந்தார். வரி, பஞ்சம், ஊர்க்கூட்டம் மட்டுமல்ல, மனிதர்களை அடிமையாக விற்ற ஓலைகளும் அதில் உண்டு. தங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்ததை ஊருக்குக் காட்ட ஒரு குடும்பத்துக்குத் துணிவு வேண்டும். பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தால் செல்லரித்திருக்கும். சேகரிப்பு என்றாலே பூட்டி வை என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது படத்துக்கு வருவோம். ஏனென்றால் கார்டுக்காரர்களின் கேள்வியே படத்தைப் பற்றித்தான்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் சோழர் காலத்துப் பிரகதீஸ்வரர் கோயில் ஒன்று பூசையில்லாமல் பூட்டிக் கிடந்தது. உள்ளே செப்புத் திருமேனிகள். 2006-ல் பூட்டை உடைத்து அவற்றைக் கொண்டுபோனார்கள். ஊருக்கு அது தெரியவில்லை. 2008-ல் சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்கு மாற்றும் பேச்சு வந்த சமயத்தில் கதவைத் திறந்தபோதுதான் உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. மறைத்து வைப்பதன் விளைவை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பொருள் போய் இரண்டு வருடம் வெறும் அறையை ஊர் காவல் காத்திருக்கிறது.

அங்கிருந்த நடராஜர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் வழியாக ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்குப் போனார். 2008-ல் அவர்கள் கொடுத்த விலை 50 லட்சம் அமெரிக்க டாலர். கூடவே காகிதங்களும் போயின. இந்தச் சிலை 1970-லேயே ஒரு வெளிநாட்டு அதிகாரி குடும்பத்தின் கையில் இருந்தது என்று சொல்லும் காகிதங்கள். எல்லாம் போலி. 1970 என்ற வருடத்துக்கும் காரணம் இருக்கிறது. கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை வந்தது அந்த வருடம்தான், அதற்கு முன்னால் நாட்டைவிட்டுப் போன பொருள் என்றால் கேள்வி குறையும். லேபிளை நம்பிக் கார்டு வாங்குகிறவர் ஏமாறுவது மாதிரியே, ஒரு நாட்டின் அருங்காட்சியகம் காகிதத்தை நம்பி ஏமாந்தது.

இதை உடைத்தது ஒரு புகைப்படம். புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அடுத்த வருடத்திலிருந்தே தென்னிந்தியக் கோயில்களுக்கு ஆள் அனுப்பிச் சிலைகளைப் படம் பிடித்துச் சேர்த்து வந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். எந்த ஊர், எந்தக் கோயில், எந்த வருடம் என்ற குறிப்போடு. ஸ்ரீபுரந்தான் நடராஜர் 1994-ல் கோயிலுக்குள் இருந்தபடியே அந்தத் தொகுப்பில் இருந்தார். 1970-லேயே வெளிநாட்டில் இருந்ததாகச் சொன்ன சிலை 1994-ல் அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் எப்படி இருக்க முடியும்? விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரர் கதையும் இதுவே. அந்தச் சிலை சிட்னியில் இருந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் இரண்டையும் டெல்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். சுபாஷ் கபூர் 2011-ல் ஜெர்மனியில் பிடிபட்டு, 2012-ல் தமிழகம் கொண்டுவரப்பட்டு, உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றத்தில் 10 வருடத் தண்டனை பெற்றார்.

செப்புத் திருமேனி மெழுகில் செய்து, மேலே மண் பூசி, உருக்கிய உலோகத்தை ஊற்றி வார்ப்பது. வார்த்த பிறகு மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அதனால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஒரு விரலின் வளைவு, வார்ப்பில் விழுந்த ஒரு சிறு குறை, அபிஷேகத்தில் தேய்ந்த மூக்கு எல்லாம் அந்தச் சிலைக்கு மட்டுமே சொந்தம். நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம் இருந்தால் போதும், பிறகு எத்தனை காகிதம் மாற்றினாலும் செல்லாது.

படம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சிவபுரம் நடராஜர் சாட்சி. கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சிவபுரத்தில் 1951-ல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சிலை. 1954-ல் பழுது பார்க்க அனுப்பினார்கள். திரும்பி வந்தது நகல். ஊர் அந்த நகலையே கும்பிட்டுக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் 1965-ல் எழுதிய புத்தகத்தில் கோயிலில் இருப்பது அசல் இல்லை என்று சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அசல் அமெரிக்காவுக்குப் போய், 1973-ல் நார்ட்டன் சைமன் கைக்கு மாறி, வழக்கு நடந்து, சமரசமாகி 1986-ல் திரும்பியது.

ஆகப் படமே காவல். ஆனால் படமே காட்டிக்கொடுக்கவும் செய்யும், அதற்கு உதாரணம் பாரிஸில் இருக்கிறது. 2016 அக்டோபர் 3-ம் தேதி விடியற்காலையில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்டாஷியன் தங்கியிருந்த இடத்துக்குள் போலீஸ் வேடத்தில் ஒரு கும்பல் நுழைந்து, அவரைக் கட்டிப்போட்டுச் சுமார் 1 கோடி டாலர் மதிப்புள்ள நகைகளைக் கொண்டுபோனது. ஏறத்தாழ 40 லட்சம் டாலர் மோதிரமும் அதில் போனது. அந்த மோதிரத்தை அவர் சில நாட்கள் முன்புதான் இணையத்தில் காட்டியிருந்தார். எப்போது பாரிஸ் வருகிறார், எங்கே போகிறார் என்பதும் அங்கேயே இருந்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் போலீஸிடம் சொன்னதன் சாரம், நகை அசல் என்பதும் ஆள் வரும் நேரமும் எல்லாமே இணையத்தைப் பார்த்தாலே தெரிந்தது என்பது. 2025 மே மாதத்தில் எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. நகைகளில் பெரும்பகுதி திரும்பவே இல்லை.

புதுச்சேரிப் படத்துக்கும் பாரிஸ் படத்துக்கும் என்ன வித்தியாசம்? முதல் படம் பொருளுக்கு உடையவர் அல்லாத மூன்றாம் ஆளிடம், ஊர், வருடம் எல்லாம் எழுதி, அலமாரியில் இருந்தது. விலை அதில் இல்லை. இரண்டாவது படத்தில் பொருள், விலை, இடம், நேரம் நாலும் ஒன்றாகச் சேர்ந்து, பார்க்கிற எல்லோர் கைக்கும் போனது.

கார்டுக்காரர்கள் இதை வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் தானாகவே விளங்கும். செல்போனில் எடுக்கிற படத்துக்குள் எக்சிஃப் என்ற குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். இருப்பிடம் பதிவாகும்படி போனில் வைத்திருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அதில் வந்துவிடும். பல தளங்கள் படத்தை ஏற்றும்போது அதை நீக்கிவிடுகின்றன. ஆனால் மின்னஞ்சலில் அனுப்பினாலோ, வாட்ஸப்பில் படமாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்பினாலோ அப்படியே போய்ச் சேரும். அடுத்தது லேபிளில் உள்ள எண். அசல் கார்டின் எண்ணைப் படத்திலிருந்து எடுத்து, போலி உறையில் போலி லேபிளில் அச்சடித்து விற்கிறார்கள். வாங்குகிறவர் தளத்தில் தட்டிப் பார்த்தால் எண் சரியாகவே இருக்கும்! சிவபுரத்து நகல் மாதிரி. அதனால் பலர் எண்ணின் ஒரு பகுதியை விரலால் மறைத்துப் படம் எடுக்கிறார்கள். ஆனால் விற்க வரும்போது எண்ணை மறைத்தால் வாங்குகிறவருக்குச் சந்தேகம் வருவதும் நியாயம்தான். அப்போது தன் பெயரையும் தேதியையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கார்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, கேட்டவருக்கு மட்டும் அனுப்புவது வழக்கம். படத்தின் பின்னணியில் ஜன்னலும் பீரோவும் காலேஜ் அடையாள அட்டையும் வராமல் பார்த்துக்கொள்வதும், ஊருக்குப் போகும் அன்றைக்கே மொத்தச் சேகரிப்பையும் விரித்துக் காட்டாமல் இருப்பதும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஊருக்குக் காட்டாத படம் ஒன்று தனியாக இருக்க வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், முழு எண், வாங்கிய ரசீது, தேதி எல்லாம் சேர்த்து எடுத்து, கார்டு இருக்கும் வீட்டில் இல்லாமல் நம்பிக்கையான இன்னொருவரிடம் ஒரு பிரதி. இந்தியாவில் பழம்பொருள் வைத்திருப்பவர்களிடம் அரசே இதைத்தான் கேட்கிறது. 1972-ம் வருடத்துச் சட்டத்தின்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் போன்றவற்றைப் பதிவு செய்ய விண்ணப்பத்தோடு புகைப்படங்களும் கொடுக்க வேண்டும்.

திருடன் பிளாஸ்டிக் உறையை உடைத்துவிட்டால் எண் போய்விடும். அப்போதும் அச்சு ஓர் ஓரமாக விழுந்த அளவும், ஒரு மூலையில் இருக்கும் வெள்ளைப் புள்ளியும் கார்டிலேயே இருக்கும். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கலாம், ஸ்ரீபுரந்தான் நடராஜரைப் பார்த்தது போல.